53-என் புட்டி: மல்கோவால், 1902

1902 அக்டோபர் 30. பிரிக்கப்படாத பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் அன்று 107 பேருக்கு பிளேக் தடுப்பூசி போட்டார்கள். மருந்து பம்பாயிலிருந்து வந்தது. ஐந்து புட்டிகளைத் திறந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குத் தாடை இறுகியது. பிறகு கழுத்து விறைத்தது, உடம்பு முறுக்கி இழுத்தது. வந்தது பிளேக் அல்ல, தனுர்வாதம் (டெட்டனஸ்). தனுசு என்றால் வில். முதுகு வில்லாக வளைந்து நோயாளி தலையாலும் குதிகாலாலும் மட்டும் படுக்கையைத் தொட்டுக் கிடப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். அன்றைக்கு அதற்கு வைத்தியம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. 19 பேர் நோயில் விழுந்தார்கள், 19 பேரும் இறந்தார்கள்.

மீதி 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நோய்த்தடம் தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் பெரிய கொடுப்பினை. கூடவே மூன்றாவது துப்பும் இருந்தது. இறந்த 19 பேருக்கும் மருந்து போனது 53-என் என்று குறியிட்ட ஒரே புட்டியிலிருந்து. யாருக்கு எந்தப் புட்டி என்று அந்த முகாமில் யாரோ கணக்கு வைத்திருந்திருக்கிறார்கள். இன்றைக்கும் முகாம் பதிவேட்டில் புட்டி எண் எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். 120 வருடங்களுக்கு முன்னால், வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அதை எழுதிய கை யாருடையதோ, அதற்கு ஒரு கும்பிடு.

ஒரே ஊர், ஒரே நாள், ஒரே புட்டி. வழக்கு இவ்வளவு சுருங்கிய பிறகு கேட்க ஒரு கேள்விதான் மிச்சம்: அந்தப் புட்டிக்குள் தனுர்வாதக் கிருமி எங்கே நுழைந்தது? பம்பாயில் மருந்து அடைத்தபோதா, மல்கோவாலில் திறந்தபோதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அரசுக்கு ஐந்து வருடம் பிடித்தது. முதலில் சொன்ன விடை தவறு. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

மருந்தும் மனிதரும்

பிளேக் 1896-ல் பம்பாய்க்கு வந்தது. அந்த வருடம் செப்டம்பரில் மாண்டவி பகுதி நோயாளி ஒருவரிடம் அதை முதலில் இனம் கண்டவர் மருத்துவர் அகாசியோ வியேகாஸ். அரசு வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டது, ஆட்களை இழுத்துக்கொண்டு போய் முகாமில் அடைத்தது, சாமான்களை எரித்தது. புனேயில் இந்தக் கெடுபிடிக்குத் தலைமை தாங்கிய ராண்ட் 1897 ஜூனில் சாபேகர் சகோதரர்களின் துப்பாக்கிக்கு இரையானார். நோய்க்குப் பயந்ததைவிட நோயை ஒழிக்க வந்தவர்களுக்கு அதிகம் பயந்த காலம் அது.

அந்த நேரத்தில் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய அறையில் ஒருவர் தடுப்பு மருந்து தயாரித்துக்கொண்டிருந்தார். பெயர் வால்டெமார் ஹாஃப்கின். 1860-ல் ஒடெசாவில் பிறந்த ரஷ்ய யூதர். உயிரியல் அறிஞர் மெச்னிகோவின் மாணவர், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மருத்துவப் பட்டம் இல்லாதவர். கடைசியாகச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலேய மருத்துவச் சேவை அதிகாரிகள் நடுவில் அவர் கடைசி வரை வெளியாள்தான். காலரா தடுப்பூசியை 1892-ல் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். பிளேக் மருந்தையும் 1897 ஜனவரி 10-ஆம் தேதி, 10 மில்லி, தனக்கே போட்டுக்கொண்டார். கடும் காய்ச்சல் வந்தது, தாங்கினார். அதே மாதம் பைகுல்லா சிறையில் நோய் பரவியபோது விருப்பப்பட்ட கைதிகளுக்குப் போட்டு, போடாதவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கு எடுத்தார். ஒரே கூரையின் கீழ், ஒரே சாப்பாடு சாப்பிடும் இரண்டு கூட்டங்களை ஒப்பிடுவது அவருடைய வழக்கம். கல்கத்தாவில் காலரா ஊசி போட்டபோதே அதைச் செய்துவந்தார்.

மருந்து செய்த விதம் சுவாரசியமானது. ஆட்டிறைச்சியை அமிலத்தில் செரிக்க வைத்து ரசம் எடுப்பார்கள். மாடும் பன்றியும் கூடாது என்பதால் ஆடு. ரசத்தின் மேல் சில துளி நெய் மிதக்கும். பிளேக் கிருமிகள் அந்த நெய்த் துளிகளைப் பற்றிக்கொண்டு கீழ்நோக்கி விழுது விழுதாக வளரும். குடுவையை ஆட்டினால் விழுது உதிர்ந்து அடியில் படியும், மறுபடி புதிதாக வளரும். வாரக்கணக்கில் இப்படி வளர்த்த பிறகு ஏறக்குறைய 65, 70 டிகிரி சூட்டில் கிருமிகளைக் கொன்று, கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தை 0.5 சதவீதம் சேர்த்துப் புட்டியில் அடைப்பார்கள். 1899-ல் இந்த ஆய்வகம் பம்பாயின் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு இடம் மாறியது.

1902-ல் பஞ்சாபில் பிளேக் தலைவிரித்து ஆடியது. மாகாண அரசு பெரிய அளவில் தடுப்பூசி இயக்கம் தொடங்க முடிவெடுத்துக் கேட்ட மருந்தின் அளவு, பரேல் அதுவரை கண்டிராதது. வேகமாகத் தயாரிக்க ஹாஃப்கின் செய்முறையை மாற்றினார். புதிய முறையில் கார்பாலிக் அமிலம் இல்லை. கிருமிநீக்கத்துக்குச் சூட்டையே நம்பினார். பாஸ்டர் நிறுவனத்தில் இப்படிச் செய்யும் வழக்கம் உண்டு. ஆனால் இந்திய அரசின் ஒப்புதலோடு நடந்துவந்த பழைய முறையில் அவர் கைவைத்துவிட்டார். 53-என் அந்தப் புதிய மருந்தின் புட்டி.

இரண்டு சாத்தியங்கள்

தடுப்பூசிக்குப் பின் நேரும் கேடுகளை இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் காரணப்படி ஐந்தாகப் பிரிக்கிறது: மருந்தின் இயல்பால் வருவது, தயாரிப்புக் குறையால் வருவது, போடும்போது நேரும் தவறால் வருவது, ஊசி பயத்தால் வருவது, ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல் தற்செயலாகச் சேர்ந்து வருவது. மல்கோவாலில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் போட்டியில் இருந்தன. தடுப்பூசி அதிகாரியாகப் பழகிய எவருக்கும் ‘ஒரே புட்டி’ என்றதும் மூன்றாவதன் மேல்தான் சந்தேகம் போகும். தயாரிப்பில் கோளாறு என்றால் அது ஒரு புட்டியோடு நிற்பது அபூர்வம், ஒரே தொகுதியில் வந்த மற்ற புட்டிகளிலும் தலைகாட்டும். அபூர்வம் என்றுதான் சொல்கிறேன், முடியாதது என்று அல்ல. நிரப்பும்போது ஒரு புட்டியில் மட்டும் தூசி விழலாம். ஆகவே புட்டி எண்ணை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட முடியாது, கிருமியையே கேட்க வேண்டும்.

தனுர்வாதக் கிருமியைப் பற்றி அன்றைக்கே நிறையத் தெரியும். ஜப்பானியர் கிட்டாசாட்டோ 1889-ல் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்துவிட்டார். மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் உறங்கும் வித்துகளாக (ஸ்போர்) கிடக்கும். காற்று படாத இடத்தில்தான் முளைக்கும். முளைத்தால் நஞ்சை உமிழும், ஆளைக் கொல்வது அந்த நஞ்சுதான். வித்து லேசில் சாகாது. 5 சதவீத கார்பாலிக் கரைசலில் பத்து மணி நேரம் ஊறினாலும் பிழைத்திருக்கும் என்பது கிட்டாசாட்டோ கண்டது. 70 டிகிரி சூடும் அதை ஒன்றும் செய்யாது. இன்னொன்று, இந்தக் கிருமி வளர்ந்த ரசத்தின் நாற்றம் மூக்கைத் துளைக்கும்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு கதைகளையும் ஓட்டிப் பார்ப்போம்.

கிருமி பம்பாயில் நுழைந்திருந்தால், மருந்து அடைத்த நாள் முதல் ஊசி போட்ட நாள் வரை, வாரக்கணக்கில், காற்றுப் போகாத புட்டியில், சத்தான இறைச்சி ரசத்தில், இந்தியச் சூட்டில் அது கிடந்திருக்கும். கார்பாலிக்கும் இல்லை. வளராமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. ஆக, புட்டியைத் திறந்ததும் நாற்றம் அடித்திருக்க வேண்டும். மருந்தோடு கூடவே ஏராளமான நஞ்சும் உடம்புக்குள் போயிருக்கும், நோயும் சீக்கிரமே கிளம்பியிருக்க வேண்டும். நஞ்சின் அளவு கூடக்கூட நோயரும்பு காலம், அதாவது கிருமி நுழைந்ததிலிருந்து அறிகுறி தெரியும் வரையான காலம், சுருங்கும்.

மல்கோவாலில் திறக்கும்போது நுழைந்திருந்தால், உள்ளே போனது விரல்விட்டு எண்ணக்கூடிய வித்துகள்தான். நாற்றம் இருக்காது. தோலுக்கடியில் போய், முளைத்து, பெருகி, நஞ்சு கக்கி, அது நரம்பை எட்டி அறிகுறி தெரிய நாளாகும், ஒரு வாரம்போல.

மல்கோவாலில் நோய் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. ஊசி போட்ட மருத்துவர் எலியட், திறந்த புட்டியை முகர்ந்து பார்த்தபோது கெட்ட வாடை எதுவும் இல்லை என்று சாட்சி சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. அவர் அதை எடுத்து, கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு, அதாலேயே புட்டியின் அடைப்பானைப் பிடுங்கினார்.

தரை என்றால் பஞ்சாப் கிராமத்துத் தரை. மாடும் குதிரையும் நடமாடும் மண். தனுர்வாத வித்துக்கு இதைவிட நல்ல விலாசம் கிடையாது. கார்பாலிக்கில் பத்து மணி நேரம் தாக்குப்பிடிக்கிற வித்து, ஒரு நிமிடம்கூட நீடிக்காத அலசலுக்கா செத்திருக்கும்? இடுக்கியைத் தணலில் காட்டியிருந்தால், கொதிநீரில் போட்டு நெடுநேரம் விட்டிருந்தால் கதை வேறு. உதவியாளர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவர் அசட்டையாக இருந்துவிடவில்லை. விழுந்ததைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்காமல், தனக்குச் சொல்லிக்கொடுத்த கிருமிநாசினியில் நனைத்தார். கார்பாலிக் கழுவல் அன்றைய கையேடு ஏற்றுக்கொண்ட வழி. தவறு அந்தக் கையேட்டின் நம்பிக்கையில் இருந்தது.

ஆணையம்

விசாரணை ஆணையத்தில் மூன்று பேர். தலைவர் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ். உறுப்பினர்கள் கல்கத்தா மருத்துவக் கல்லூரி முதல்வர் பாம்ஃபோர்டு, கசௌலி பாஸ்டர் நிறுவன இயக்குநர் டேவிட் செம்பிள். இடுக்கி விழுந்த கதையை அவர்கள் கேட்டார்கள். வாடை இல்லாததையும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, புட்டியைத் திறப்பதற்கு முன்பே கிருமி உள்ளே இருந்தது என்று முடிவு கட்டினார்கள். கார்பாலிக் அமிலத்தை விட்டது பெரும் பிழை என்றார்கள்.

அவர்கள் முட்டாள்களும் அல்ல, நிச்சயமாகச் சதிகாரர்களும் அல்ல. அவர்கள் இடத்திலிருந்து பாருங்கள். செய்முறையை ஒருவர் அனுமதியில்லாமல் மாற்றுகிறார். மாற்றிய கையோடு 19 பேர் சாகிறார்கள். இதைவிடத் துலக்கமான காரணம் என்ன வேண்டும்? ஒரு நீதிபதிக்கு இது கையில் வந்து விழுந்த வழக்கு. விதிமீறலும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. விசாரணைகளில் இது பழைய பொறி. எது மாறியது என்று தேடுவோம், மாறிய ஒன்று அகப்பட்டதும் தேடலை நிறுத்திவிடுவோம். மாறியதால்தான் நடந்தது என்பதை நிறுவ வேண்டிய வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதை மறந்துவிடுவோம்.

ஒரு வருடம் முன்னால் அமெரிக்காவில் நடந்த வேறொரு விபத்து அவர்கள் மனதில் ஓடியிருக்கவும் கூடும். 1901 இலையுதிர் காலத்தில் செயின்ட் லூயிஸ் நகரில் தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்நஞ்சு ஊசி போட்ட 13 குழந்தைகள் தனுர்வாதத்தில் இறந்தார்கள். அங்கே தவறு முழுக்கத் தயாரிப்பில்தான். எதிர்நஞ்சு ஜிம் என்ற குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்தது. ஜிம்முக்குத் தனுர்வாதம் கண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அதைக் கொன்றார்கள். ஆனால் அதற்கு முன் செப்டம்பர் 30-ல் எடுத்த ரத்தத்தில் நஞ்சு ஏற்கெனவே இருந்தது. அந்தச் சீரத்தைப் பழைய தேதிச் சீட்டு ஒட்டிய புட்டிகளிலும் அடைத்திருந்தார்கள். தேதியைப் பின்தொடர்ந்துபோய்க் கண்டுபிடித்தார்கள். மறு வருடமே உயிரியல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அமெரிக்கா கொண்டுவந்தது. இரண்டிலும் ஊசி, இரண்டிலும் தனுர்வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் மல்கோவால் அதன் மறுபதிப்பு. ஆனால் செயின்ட் லூயிஸில் ஆவணத் தடம் குதிரைக் கொட்டகைக்குப் போனது, மல்கோவாலில் தடயங்கள் எல்லாம் எதிர்த் திசையில், புட்டி திறந்த மேசைக்குப் போயின.

ஆணையத்தின் வாதத்தில் சாரம் இருந்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 0.5 சதவீத கார்பாலிக் தனுர்வாத வித்தைக் கொல்லாவிட்டாலும் அது முளைத்துப் பெருகுவதைத் தடுக்கும். ஆகவே கார்பாலிக் இருந்திருந்தால் பம்பாயில் விழுந்த வித்து பெருகியிருக்காது என்பது சரிதான். ஆனால் இந்த வாதம் நிற்க வேண்டுமென்றால் புட்டிக்குள் கிருமி பெருகித்தான் இருந்தது என்பது முதலில் உறுதிப்பட வேண்டும். பெருகியதற்கான இரண்டு அடையாளங்களான வாடையும் விரைந்த நோயும் இல்லவே இல்லையே.

ஆக இந்த வழக்கு முழுக்கக் கார்பாலிக்கின் மேல் ஓடுகிறது. மருந்தில் அது இல்லை என்று ஹாஃப்கின் மேல் குற்றம். இடுக்கியை அதில் நனைத்தார்கள் என்று முகாமுக்கு விடுதலை. ஒரே திரவத்தின் மேல் வைத்த அதிகப்படி நம்பிக்கை ஒருவரைக் கட்டியது, மற்றவர்களை அவிழ்த்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. ஆணைய உறுப்பினர் செம்பிளை நம் ஊரில் பெயர் தெரியாமலே பலருக்குத் தெரியும். வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த மருந்து அவர் பெயரால் வழங்கிய செம்பிள் தடுப்பூசிதான். 1911 வாக்கில் கசௌலியில் உருவாக்கினார், குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் நெடுங்காலம் அந்த வகை மருந்தைத் தயாரித்தது. விலங்கு மூளையில் வளர்த்த வெறிநோய்க் கிருமியைச் செம்பிள் எதைக்கொண்டு செயலிழக்கச் செய்தார் தெரியுமா? கார்பாலிக் அமிலம். அவருக்கு அதன்மேல் இருந்த மதிப்பு உண்மையானது, பல லட்சம் பேரைக் காப்பாற்றிய மதிப்பு. மல்கோவாலில் அது தவறான இடத்தில் நின்றது, அவ்வளவுதான்.

அலமாரியில் இருந்த காகிதம்

அரசு லண்டன் லிஸ்டர் நிறுவனத்திடம் கருத்துக் கேட்டது. கார்பாலிக்கை அறுவைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்த லிஸ்டரின் பெயர் தாங்கிய நிறுவனம்! அங்கிருந்து வந்த பதில் ஆணையத்துக்கு எதிராக இருந்தது: கிருமி பெரும்பாலும் மல்கோவாலில் புட்டியைத் திறந்தபோதுதான் நுழைந்திருக்க வேண்டும். ஆனாலும் ஹாஃப்கினை இயக்குநர் பொறுப்பிலிருந்து இறக்கிய முடிவு நின்றது. அவர் இந்தியாவைவிட்டு லண்டனுக்குப் போனார்.

விசாரணை ஆவணங்கள் முழுதாக வெளியானது 1906-ன் கடைசியில்தான், இந்திய அரசிதழில். நான்கு வருடம். அதுவரை வெளியுலகுக்குத் தெரிந்தது ஒரு வரிதான்: ஹாஃப்கின் மருந்தில் நஞ்சு கலந்திருந்தது, 19 பேர் செத்தார்கள். இடுக்கி விழுந்த கதை அலமாரிக்குள் இருந்தது. இந்த வழக்கில் எனக்கு மன்னிக்க மனம் வராத கட்டம் ஆணையத்தின் தீர்ப்பு அல்ல, இந்த நான்கு வருடம். தவறான தீர்ப்பை யாரும் எழுதலாம். சாட்சியத்தை அதோடு சேர்த்துப் பிரசுரித்திருந்தால், ரசாயனமும் நுண்ணுயிரியலும் தெரிந்த யாரோ ஒருவர் ஒரே வாரத்தில் ஓட்டையைக் காட்டியிருப்பார்.

பிரசுரமானதும் அதுதான் நடந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரும் முன்பு கல்கத்தாவின் சுகாதார அதிகாரியாக இருந்தவருமான சிம்ப்சன் முதலில் எழுதினார். அப்புறம் ரொனால்ட் ராஸ் களமிறங்கினார். அல்மோராவில் பிறந்தவர், செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாவைக் கண்டவர், மல்கோவால் நடந்த அதே 1902-ல் நோபல் பரிசு பெற்றவர். இந்திய மருத்துவச் சேவையின் மேலதிகாரிகளோடு ராஸுக்கும் பழைய கணக்கு உண்டு, அவர்கள் தன் ஆய்வுக்கு முட்டுக்கட்டை போட்டதாக வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். அந்தக் கோபம் அவர் பேனாவில் தெரிந்தது. ஆனால் வாதம் கோபத்தில் நிற்கவில்லை. இடுக்கி, கழுவிய விதம், வாடை, நோயரும்பு காலம் என்று வரிசையாக எடுத்து வைத்தார். 1907 ஜூலை 29-ஆம் தேதி ‘தி டைம்ஸ்’ நாளிதழில் பத்து நுண்ணுயிரியல் அறிஞர்கள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. ராஸோடு லீத், வில்லியம் ஸ்மித், நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் சைமன் ஃபிளெக்ஸ்னர் ஆகியோரும் அதில் உண்டு. ஹாஃப்கின் மேல் சுமத்திய பழி தெளிவாகப் பொய்யென நிரூபணமாகிவிட்டது என்றார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. பிரான்ஸில் யூத அதிகாரி டிரேஃபஸ் பொய்க் குற்றத்தில் சிக்கி மீண்ட கதை எல்லோர் வாயிலும் இருந்த காலம். இதற்கு ‘குட்டி டிரேஃபஸ் வழக்கு’ என்று பெயர் வந்தது. யூதர் என்பதால்தான் ஹாஃப்கினைப் பலிகொடுத்தார்கள் என்று நேராகச் சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. வெளியாள், மருத்துவப் பட்டம் இல்லாதவர், தன்னிச்சையாக முடிவெடுத்தவர், யூதர், இவை எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. ஐயத்தின் பலனை அவருக்குத் தர யாரும் முந்தவில்லை.

விலை

ஹாஃப்கினின் ஐந்து வருடம் ஒரு பக்கம் இருக்கட்டும். தடுப்பூசியின் பெயர் கெட்டது. ஊசி போட்டால் வாய் பூட்டிக்கொண்டு சாவோம் என்ற பேச்சுக்கு அரசே முத்திரை குத்தியது போல ஆயிற்று. பஞ்சாபில் வேகமெடுத்திருந்த இயக்கம் தளர்ந்தது. பிளேக் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இந்தியாவில் அந்த நோய் மிக மோசமாகத் தாக்கிய வருடம் 1907, விவாதம் டைம்ஸ் பக்கங்களில் நடந்துகொண்டிருந்த அதே வருடம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 12 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள், அதில் பெரும் பங்கு பஞ்சாபுக்கு. மல்கோவால் விசாரணை ஒழுங்காக நடந்திருந்தால் இவர்களில் இத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட யாராலும் முடியாது. போட்டால் அது பொய்க் கணக்கு. அந்த மருந்து நோயிலிருந்து முழுக் காப்பு தரவில்லை, நோய் வரும் வாய்ப்பையும் சாவையும் வெகுவாகக் குறைத்தது, அவ்வளவே. ஆனால் அன்றைக்கு எலி பிடிப்பதையும் ஊரைக் காலி செய்வதையும் தவிர மக்கள் கையில் இருந்த ஒரே ஆயுதமும் அதுதான்.

முகாமில் மாறியது என்ன? தயாரிப்பில் கார்பாலிக் திரும்ப வந்தது. அது தேவையற்ற மாற்றம் என்று சொல்ல மாட்டேன், பல பேருக்குப் போடும் புட்டியில் கிருமித் தடுப்பான் சேர்ப்பது இன்றைக்கும் வழக்கம். ஆனால் உண்மையில் 19 பேரைக் கொன்றது திறக்கும் முறை. கார்பாலிக் கழுவலை விட்டுவிட்டு நெருப்பிலும் கொதிநீரிலும் கருவியைச் சுத்தம் செய், கீழே விழுந்ததை அந்த முகாம் முடியும்வரை தொடாதே என்பதுதான் மல்கோவாலின் பாடமாக முதல் நாளே எல்லா முகாம்களுக்கும் போயிருக்க வேண்டும். பழி பம்பாய்க்குப் போய்விட்டதால் அந்தச் சுற்றறிக்கைக்கான அவசரமும் அதோடு போய்விட்டது.

1907 நவம்பரில் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த ஜான் மார்லி, ஹாஃப்கினை மீண்டும் இந்தியாவில் வேலைக்கு அழைத்தார். அறிஞர்களிடையே பலமான மாற்றுக் கருத்து இருப்பதைக் கணக்கில் எடுத்து அழைப்பதாக அந்த ஏற்பாடு அமைந்தது. தவறிழைத்தோம் என்ற சொல் அதில் இல்லை. பரேல் ஆய்வகத்தில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். கல்கத்தாவில் ஓர் ஆய்வகம் கிடைத்தது. மக்களிடையே பெரிய அளவில் சோதனை நடத்தும் வாய்ப்பு பிறகு அவருக்கு வரவில்லை. 1915-ல், 55 வயதில், ஓய்வு பெற்றுக் கப்பலேறினார். பத்து வருடம் கழித்துப் பரேல் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டியபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். 1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இறந்தார்.